கோயில் கூரைக்குப் பணம் திரட்டியபோது கற்றுக்கொண்டவை

முப்பத்தொரு வருடம் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற மறுவருடமே எங்கள் கிறிஸ்தவச் சபையில் என்னைப் பொருளாளராக்கிவிட்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில், செம்மணல் தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிற கோயில் எங்களுடையது. இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள். பனை, வாழை, உப்பளம் என்று பிழைக்கிறவர்கள் பாதி. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்க, ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்கள் மீதி. சபையோடு சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிற சின்ன அறக்கட்டளை ஒன்றின் கணக்கும் என் கையில்தான் இருக்கிறது. உங்கள் சபையிலோ சங்கத்திலோ பணம் திரட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், நாங்கள் பட்டதும் கற்றதும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் பீடத்துக்கு இடப்பக்கம் ஒழுகும். மரச்சட்டங்களில் கறையான். பொறியாளர் பார்த்துவிட்டு 14,60,000 ரூபாய் ஆகும் என்றார். நாங்கள் உடனே நோட்டீஸ் அடித்தோம். தலைப்பு, 'சபை வளர்ச்சி நிதி'. கீழே கூரை, ஒலிபெருக்கி, சுற்றுச்சுவர், தரைக்கு டைல்ஸ், வண்டி நிறுத்த இடம் என்று ஐந்து வேலைகள். அதற்கும் கீழே 'தாராளமாகக் கொடுங்கள்'. மூன்று மாதத்தில் வந்தது 61,300 ரூபாய். ஒரு பாட்டி இருநூறு ரூபாயை நீட்டி, "எதுக்குன்னு எழுதப்போற தாயி?" என்று கேட்டார். ரசீதுப் புத்தகமும் பேனாவும் கையில் இருக்க, எனக்குப் பதில் வரவில்லை. 'வளர்ச்சி' என்று எழுதினேன். அவர் அந்த ரசீதைப் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

நாங்கள் யார் என்று எங்களுக்கே சொல்லத் தெரியாமல் ஊரிடம் கேட்கப் போயிருந்தோம். அதனால் இந்த வேலையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கமிட்டிக்கு வெளியே போய்க் கேளுங்கள்

சபை யார் என்று கமிட்டி மேசையில் உட்கார்ந்து எழுதினால், 'அன்பு, ஐக்கியம், ஊழியம்' என்றுதான் வரும். எந்தச் சபைக்கும் பொருந்தும். அதனால் எந்தச் சபைக்கும் பயன்படாது. நாங்கள் ஆறு பேர், ஒரு மாதம், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: 'இந்தக் கோயில் நாளைக்கு இல்லாமல் போனால், ஊரில் எது இல்லாமல் போகும்?'

பனையேறி ஓய்ந்த ஒரு தாத்தா, காலை ஐந்து மணிக்கு அடிக்கிற மணியைச் சொன்னார். அந்த மணி அடித்தால்தான் தனக்கு விடியும் என்றார். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் போனில், "சாயங்கால வகுப்புதான் அத்தை. கரண்ட் இல்லாத நாள்ல பெட்ரோமாக்ஸ் வச்சுச் சொல்லிக்கொடுத்தீங்களே" என்றான். ஆனால் எங்களைப் புரட்டிப் போட்ட பதில், கோயில் வாசலுக்கு எதிரே ஆட்டோ நிறுத்துகிற, அம்மன் கோயில் தெருத் தம்பியிடமிருந்து வந்தது. "யார் வீட்டுல சாவுன்னாலும் மொதல்ல வந்து நிக்கிறது உங்க கோயில் பெஞ்சும் ஜமுக்காளமும்தான்க்கா. எங்க அப்பா செத்தப்ப விடியுமுன்ன வந்துட்டு. காசு கேக்கல."

ஐம்பது வருடமாக அந்தப் பெஞ்சுகள் போய்க்கொண்டிருக்கின்றன. எங்களில் ஒருவருக்கும் அது ஓர் ஊழியமாகத் தோன்றியதில்லை. பழக்கம் என்று விட்டிருந்தோம். அன்றைக்கே ஒரு வரி எழுதினோம்: 'ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நிற்கிற சபை.' எங்கள் போதகரான ஐயர் கொஞ்சம் யோசித்தார். ஆராதனையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்றார். நியாயமான கேள்விதான். விசுவாசப் பிரமாணம் உலகத்துச் சபைகளுக்கெல்லாம் பொது. இந்த வரி நம்முடையது மட்டும் என்று, அவருக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியார் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்.

நீங்களும் இருபது முப்பது பேரிடமாவது கேளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் சபையைச் சேராதவர்களாக இருக்கட்டும். வருகிற பதில்களைச் சொன்னவர் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். திருத்தாதீர்கள். திரும்பத் திரும்ப வருகிற ஒரு பொருள், ஓர் இடம், ஒரு நேரம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரே வரி எழுதுங்கள். அடுத்த ஊர்ச் சபையின் பெயரைப் போட்டாலும் அந்த வரி பொருந்துகிறது என்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பணம் வரும் வழியும் உங்கள் அடையாளம்தான்

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் 1799-இல் உருவான முதல் கிறிஸ்தவக் குடியிருப்புக்கு முதலூர் என்றே பெயர். களக்காட்டுப் பக்கம் 1820-களில் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் எழுந்த ஊருக்கு, பணம் கொடுத்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர் வந்து டோனாவூர் ஆயிற்று. கொடுத்தவர் பெயர் ஊர்ப் பெயராகி இருநூறு வருடம் ஆகப்போகிறது. அதே ரேனியஸ் ஐயர், புதிதாகச் சபையில் சேர்ந்து துன்பப்பட்ட மக்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த, 1830-இல் தர்ம சங்கம் தொடங்கினார். அங்கே முக்கியம் கொடுத்தவர் பெயர் இல்லை, குடியேறுகிறவருக்கு ஒரு நிலம்.

பிறகு 1903-இல், பாளையங்கோட்டையில், பின்னாளில் பேராயரான அசரியா முதலானவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது ஓர் உறுதி எடுத்தார்கள்: ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. வெளிநாட்டுப் பணம் பழகிப்போன காலத்தில், கருப்பட்டியும் வாழையும் விற்றுக் கொடுத்த காசில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். பணம் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்ததுதான் அந்தச் சங்கம் யார் என்பதையே சொன்னது. அதே காலத்தில், டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் வேறொரு வழியில் நடந்தார். பிள்ளைகளை வளர்க்கப் பணம் வேண்டும், ஆனால் மனிதரிடம் விண்ணப்பம் வைப்பதில்லை, ஜெபம் மட்டும்தான் என்பது அவர் கொள்கை. ஒரே சீமையில் இரண்டு வழிகள். இரண்டும் நிலைத்தன, ஏனென்றால் இரண்டிலும் சொன்னதும் செய்ததும் ஒன்றாக இருந்தன.

இதை நான் நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கூரைக்காக, ஒரு பெரிய வியாபாரி முழுத்தொகையும் தருவதாகச் சொன்னார். முகப்பில் தன் குடும்பப் பெயர் இரண்டடி எழுத்தில் வர வேண்டும் என்பது நிபந்தனை. கமிட்டியில் பாதிப் பேருக்கு ஆசைதான். அந்த ஒரு வரியை எடுத்து வைத்துப் பார்த்தோம். எல்லார் வீட்டுக்கும் போகிற சபையின் கூரை ஒரு வீட்டுக் கூரையாகிவிடும். நன்றி சொல்லி, மற்றவர்களைப் போல அவரும் ஒரு பங்கு கொடுக்கலாம் என்றோம். கொடுத்தார். கல்வெட்டில் பெயர் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. டியூப் லைட்டில் உபயம் எழுதி எழுதி வெளிச்சமே மங்கிப்போன இடங்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே நிறுத்துவது என்பதைப் பணம் வருவதற்கு முன்பே தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் வந்த பிறகு அந்தத் தெளிவு வராது.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

சின்ன விஷயம்தான், ஆனால் எங்களுக்கு நிறைய இழப்பு. கோயில் பலகையில் ஒரு பெயர், ரசீதில் இன்னொன்று, வங்கிக் கணக்கில் மூன்றாவது. கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் பழைய பொருளாளரின் சொந்தப் பெயர் வந்தது. அவர் நேர்மையானவர். ஆனால் துபாயில் உட்கார்ந்து ஐயாயிரம் அனுப்பப்போகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டதாகப் பிறகு நான்கு பேர் சொன்னார்கள். சபையின் பெயரில் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, அந்தக் கணக்குக்கே கியூஆர். தனியாள் கணக்கில் ஒரு நாள்கூட வாங்காதீர்கள். சொத்தும் கணக்கும் திருமண்டலத்தின் (பேராயரின் நிர்வாகத்தின்) கீழ் இருக்கும் சபையாக இருந்தால், புதிய கணக்குத் திறக்க முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இலச்சினையைப் பற்றி வாலிபர் சங்கத்தில் பெரிய பேச்சு நடந்தது. புறா, தீபம், சிலுவை, திறந்த வேதப்புத்தகம், எல்லாம் சேர்த்து ஒரு வட்டத்துக்குள். கடைசியில் ஒரு பெஞ்சையும் மணியையும் கோட்டோவியமாக வரைந்தோம். எங்கள் ஊர்க்காரர் எங்கே பார்த்தாலும் கண்டுகொள்கிறார். அது போதும்.

சபைப் பணம் வேறு, அறக்கட்டளைப் பணம் வேறு

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. மத காரியத்துக்கான நன்கொடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. வரலாற்றுச் சிறப்போ பெரும்புகழோ உள்ள வழிபாட்டிடம் என்று மத்திய அரசு அறிவித்த இடங்களைப் புதுப்பிக்கத் தருவது மட்டும் விதிவிலக்கு. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாலை வகுப்பு நடத்துகிற எங்கள் அறக்கட்டளைக்கு, முறைப்படி பதிவு வாங்கினால் சலுகை உண்டு. பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 80ஜி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ரசீது அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுப்பவரிடம் மூன்று விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்று, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். இரண்டு, புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவு கிடையாது. மூன்று, வெறும் ரசீது போதாது; அறக்கட்டளை ஆண்டுதோறும் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்கு ஆன்லைனில் கொடுத்து, அங்கிருந்து வரும் சான்றிதழை அனுப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் 'வரிச் சலுகை உண்டு' என்று மட்டும் விளம்பரம் செய்தால், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலையில் உங்கள் போன் நிற்காமல் அடிக்கும்.

இந்தச் சலுகை பெற்ற அறக்கட்டளை, தன் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மத காரியத்துக்குச் செலவு செய்யக்கூடாது. 'அறக்கட்டளையில் பணம் கிடக்கிறதே, கூரைக்குக் கொஞ்சம் மாற்றினால் என்ன' என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. பிள்ளைகளின் நோட்டுக்கும் விளக்குக்கும் கொடுத்த காசு அது. சட்டம் அனுமதித்தாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன். எங்கே வாங்கினாலும், ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கும் தடை இருக்கிறது.

அப்புறம் வெளிநாட்டுப் பணம். எங்கள் ஊரில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட ஒரு பெண், மூன்று லட்சம் அனுப்புகிறேன் என்றாள். ஆசையோடு சொன்னாள். வாங்க முடியவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்து தன் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவரிடம் வாங்க, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பணம் முதலில் டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும் என்றும் 2020-இல் திருத்தம் வந்தது. 'அவள் மாமா கணக்கில் போடச் சொல்லி வாங்கிக்கொள்வோம்' என்று நல்லெண்ணத்தோடு ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். ஊருக்கு வந்தபோது, தன் அப்பாவின் பழைய போட்டோ ஆல்பத்திலிருந்து, 1960-களின் கோயில் படங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். அறிக்கையின் அட்டையில் அவற்றைப் போட்டோம்.

கேட்கும் விதம்

ஐந்து வேலைகளை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்தோம். கூரை. எவ்வளவு, எதற்கு, எப்போதுக்குள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாசித்துக் காட்டித் திருத்தினோம். எங்கள் கடிதத்தின் நடுப்பகுதி இதுதான். வேண்டுமானால் உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

'உங்கள் வீட்டில் துக்கம் நடந்தபோது நம் கோயிலிலிருந்து பெஞ்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெஞ்சுகளும், அவற்றைத் தூக்கி வரும் பிள்ளைகள் கூடுகிற இடமும், இப்போது ஒழுகும் கூரையின் கீழ் இருக்கின்றன. கூரையை மாற்ற 14,60,000 ரூபாய் ஆகும். ஒரு சதுர அடிக்கு எவ்வளவு ஆகிறது என்ற கணக்கைப் பின்பக்கம் கொடுத்திருக்கிறோம். உங்களால் எத்தனை சதுர அடி முடியும் என்று சொல்லுங்கள். அரை அடியும் கூரைதான். இப்போது முடியாவிட்டால் எந்த மாதம் முடியும் என்று சொன்னால் அப்போது வருகிறோம். கணக்கு முழுவதும் மாதம் முதல் ஞாயிறு அறிவிப்புப் பலகையில் இருக்கும்.'

'எந்த மாதம்' என்பதை நாங்கள் மிகவும் யோசித்துப் போட்டோம். பதநீர் இறங்குகிற கோடையில் பனையேறி கையில் காசு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளத்தில் வேலை இருக்காது. ஜூனில் எந்த வீட்டிலும் ஸ்கூல் பீஸ் கவலை. வாழைக்காரர் தார் வெட்டும்போது கொடுப்பார். எல்லாரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை எழுப்பி நிறுத்தி வாக்குக் கேட்டால், கூச்சத்தில் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, பிறகு கோயிலுக்கு வருவதையே குறைத்துக்கொள்வார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு இரண்டிரண்டு பேராகப் போங்கள். தொகையைச் சத்தமாகக் கேட்காதீர்கள். அட்டையைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மொய் நோட்டில் தொகையை எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிற வழக்கம் நம் ரத்தத்தில் இருக்கிறது. அதனாலேயே, கோயிலுக்குக் கொடுத்த தொகையையும் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த ஒப்பீட்டுக்கு நாம் இடம் வைக்கக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பெயரும் தொகையும் போடுவதை நாங்கள் அறவே நிறுத்திவிட்டோம்.

ஒரு தப்பு செய்தோம், அதை நீங்கள் செய்யாதீர்கள். உப்பளத்தில் கூலிக்குப் போகிற ஓர் அம்மா, கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். பாவம், சிரமப்படுத்த வேண்டாம் என்று அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டோம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். "எங்க வீட்ட மட்டும் ஏன் விட்டுட்டீங்க? நாங்க இந்தக் கோயில் இல்லையா?" கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான். அன்றைக்கே அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐம்பது ரூபாய் என்றும், இரண்டு நாள் ஓடு சுமப்பேன் என்றும் எழுதினார். சொன்னபடி சுமந்தார். அதிலிருந்து அட்டையில் பணத்துக்குப் பக்கத்தில் 'உழைப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். தச்சர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர், மூன்று நாள் எல்லாருக்கும் சமைத்துப் போட்ட ஒன்பது பெண்கள் எல்லாரும் அந்தக் கட்டத்தில் வந்தவர்கள்தான். கணக்கில் அவர்களையும் எழுதினேன்.

பிடி அரிசியை விட்டுவிடாதீர்கள். உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுகிற வழக்கம் எங்கள் அம்மா காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் இன்றும் வீடுதோறும் நடக்கிறது. ஊழியத்துக்கு அது ஒரு முக்கியமான ஆதாரம். காஞ்சி மடத்திலும் பிடி அரிசித் திட்டம் நடத்தினார்கள். தொகை என்று பார்த்தால் கூரைக்கு அது பெரிதாக உதவாது. ஆனால் தினமும் ஒரு முறை, அடுப்படியில், 'இது கோயிலுக்கு' என்று ஒரு கை நீளுகிறது. அதை வேறு எந்த வசூலும் செய்ய முடியாது. நாங்கள் அந்த அரிசியை விற்றுக் காசாக்குவதை நிறுத்தி, துக்க வீட்டுக்குப் போகும் கஞ்சிக்கும், மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குமாக வைத்தோம். அதன் பிறகு அரிசி கூடியது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் காய்த்த பூசணி, சேவல், வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், கேக் என்று எல்லாம் வந்து குவியும். சந்தோஷமான நாள். அதில் ஒரு முள்ளும் இருக்கிறது. ஒரு வருடம் அண்ணன் தம்பி இரண்டு பேர் வீம்பில் ஒரு பூசணிக்காயை ஒன்பதாயிரத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லாரும் கைதட்டினோம். மறுநாள் அந்தத் தம்பியின் மனைவி வந்து, அது மகளின் காலேஜ் பீசுக்கு வைத்திருந்த பணம் என்றாள். அதிலிருந்து ஏலம் கூறுகிறவரிடம் ஒரு கட்டுப்பாடு சொல்லிவிட்டோம்: போட்டி வீம்பாக மாறுகிறது என்று தெரிந்ததும், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று வேகமாக முடித்துவிட வேண்டும். இன்னும் கூட்டிக் கேட்க நினைத்தவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. கால்வாசிப் பொருளை இருபது, முப்பது ரூபாய்க் கட்டுகளாகப் பிரித்து வைக்கிறோம், பிள்ளைகளும் கூலிக்காரர்களும் கை தூக்கட்டும் என்று.

எண்ணுவதும் காட்டுவதும்

வேதத்தில் இரண்டாம் இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை எல்லாப் பொருளாளர்களும் படிக்க வேண்டும். யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லியும், அவருடைய ஆட்சியின் இருபத்துமூன்றாம் வருடம் வரை ஒரு வேலையும் நடக்கவில்லை. காணிக்கை எங்கோ போய்க்கொண்டிருந்தது. கடைசியில் யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டுப் பலிபீடத்தருகில் வைத்தார். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணினார்கள். பைகளில் கட்டினார்கள். வேலையை விசாரிக்கிறவர்கள் வழியாகத் தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுத்தார்கள். கூரைக்கு வேண்டிய அத்தனை விதியும் அதில் இருக்கிறது: தனிப் பெட்டி, எல்லார் கண்ணிலும் படும் இடம், இரண்டு தரப்பிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது, வேறெதற்கும் போகாமல் வேலைக்கே போவது. எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்த பவுலும், தம்மைப் பற்றி யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையே கூட அழைத்துக்கொண்டு போனார். அப்போஸ்தலருக்கே அவ்வளவு கவனம் இருந்தது என்றால் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் செய்வது இது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை மேசையில், கதவு திறந்திருக்க, மூன்று பேர் எண்ணுவோம். ஒருவர் கமிட்டி, ஒருவர் பெண்கள் சங்கம், ஒருவர் வாலிபர். வாரா வாரம் ஆள் மாறும். அண்ணன் தம்பியோ புருஷன் பெண்டாட்டியோ சேர்ந்து உட்காரக் கூடாது. நோட்டு வகைவாரியாக எழுதி மூவரும் கையெழுத்து. திங்கள் காலை முழுத்தொகையும் வங்கியில். அந்தப் பணத்திலிருந்தே டீக்கும் ஆட்டோவுக்கும் எடுத்துச் செலவு செய்துவிட்டு மிச்சத்தைக் கட்டுகிற வழக்கம் இருந்தால், இன்றே நிறுத்துங்கள். செலவுக்குத் தனியாகச் சில்லறைக் கணக்கு வையுங்கள். முப்பத்தொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், திருடன் செய்கிற சேதத்தைவிட, நல்லவர் எழுதி வைக்காமல் விடுவதால் வருகிற சேதம் அதிகம். சந்தேகம் வந்த பிறகு அந்த நல்லவருக்குத் தன்னை நிரூபிக்க ஒரு காகிதமும் இருக்காது.

மாதக் கணக்கைப் பலகையில் ஒட்டும்போது பெரிய எழுத்தில், தமிழில், ஒரு பக்கத்தில் ஒட்டுங்கள். வந்தது, போனது, கையில் இருப்பது. 'இதர செலவு' என்ற தலைப்பே வேண்டாம். எங்கள் கணக்கில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. கூரை வேலை நடந்த மாதங்களில் பொறியாளர் பில்லின் பிரதியையும் பக்கத்தில் ஒட்டினேன். முதல் மாதம் யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் ஒருவர் மரச்சட்டத்தின் விலை அதிகமாக இருக்கிறது என்றார். விசாரித்தோம், அவர் சொன்னது சரி. கடைக்காரர் குறைத்துக்கொண்டார்.

நன்றியை ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள். பத்தாயிரத்துக்கும் ஐம்பதுக்கும் ஒரே அளவு அட்டை, கையால் எழுதியது. வாலிபர் சங்கப் பிள்ளைகள் எழுதினார்கள், எழுத்து கோணலாகத்தான் இருந்தது. அதை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிற வீடுகளை இப்போதும் பார்க்கிறேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு, ஓடு ஏற்றுகிற நாளன்று போனில் எடுத்த முப்பது விநாடி வீடியோ அனுப்பினோம். அதில் எந்தப் பேச்சும் இல்லை, ஓடு கைமாறுகிற சத்தம் மட்டும்.

வேலை முடிந்தபோது 11,400 ரூபாய் மிஞ்சியது. மிச்சத்தைப் பொதுக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்றுதான் தோன்றும். கூரைக்கென்று வாங்கிய காசு அது; கொடுத்தவர்களைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆராதனை முடிந்து சபையைக் கூட்டி, தொகையைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டோம். பின்வரிசையிலிருந்து, முதல் நோட்டீசுக்கு இருநூறு ரூபாய் கொடுத்த அந்தப் பாட்டி எழுந்து, "ரெண்டு பெஞ்சுக்குக் கால் ஆடுது, அதைப் பாருங்க" என்றார். கை தூக்கச் சொன்னோம், எல்லாரும் தூக்கினார்கள். நாலு பெஞ்சு பழுது பார்த்தோம், ஒன்று புதிதாகச் செய்தோம். ரசீதில் எதற்கு என்ற இடத்தில் 'பெஞ்சு' என்று எழுதிக் கோப்பில் வைத்தேன்.